நாங்கள் சொல்வதை நீங்களும் கேளுங்கள்

எங்கள் பொது மருத்துவப் பிரிவின் வார்டுகளில் அண்மைக் காலமாக ஒரு காட்சியை நீங்கள் கவனித்திருப்பீர்கள். காலை ரவுண்ட்ஸின்போது மருத்துவர் நோயாளியைப் பரிசோதிக்கிறார். பிறகு ஒரு சிறிய மைக்கை வாயருகே கொண்டுசென்று பேசத் தொடங்குகிறார். தள்ளுவண்டியின் மேல் உள்ள கணினித் திரையில், அவர் பேசப் பேச எழுத்துகள் தோன்றுகின்றன. "டாக்டர் யாரிடம் பேசுகிறார்?" என்று செவிலியரிடம் கேட்டவர்கள் உண்டு. நோயைப் பற்றி மறைவாக வேறொருவரிடம் ஏதோ சொல்கிறார் என்று அஞ்சிய குடும்பத்தினரும் உண்டு.

மருத்துவர் பேசுவது கணினியிடம்தான். முன்பு கேஸ் ஷீட்டில் பேனாவால் எழுதியதையும், பின்னர் விசைப்பலகையில் தட்டச்சு செய்ததையும், இப்போது வாயால் சொல்லிப் பதிவு செய்கிறோம். இம்முறை எவ்வாறு இயங்குகிறது, எங்கே தவறுகிறது, அத்தவற்றைத் தடுப்பதில் நோயாளிக்கும் குடும்பத்தினருக்கும் உள்ள பங்கு என்ன என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

ஏன் இந்த மாற்றம்?

நோயாளியைப் பார்ப்பதற்கு ஆகும் நேரத்தைவிட அவரைப் பற்றி எழுதுவதற்கு ஆகும் நேரமே மிகுதி என்பது மருத்துவர்களிடையே நெடுநாளாக உள்ள குறை. அமெரிக்காவின் 4 மாநிலங்களில் 57 மருத்துவர்களின் வேலைநேரத்தை உடனிருந்து கணக்கிட்ட ஓர் ஆய்வு 2016ஆம் ஆண்டு வெளியாயிற்று. நோயாளியுடன் நேருக்கு நேர் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும், கணினிப் பதிவுக்கும் மேசைப் பணிக்குமாக ஏறத்தாழ 2 மணி நேரம் செலவாவதை அது காட்டியது. நம் நாட்டில் கூட்டமும் பணிமுறையும் வேறு. ஆயினும் திரையைப் பார்த்துக்கொண்டே உங்களிடம் கேள்வி கேட்கும் மருத்துவரை நீங்களும் சந்தித்திருப்பீர்கள். எங்களையும் அப்படிப் பார்த்திருக்கலாம். வாயால் சொல்லிப் பதிவு செய்யும்போது கண்கள் நோயாளியின் பக்கம் திரும்ப முடிகிறது. கையும் விசைப்பலகையைத் தொடவேண்டியதில்லை. ஒவ்வொரு படுக்கையாகச் செல்லும்போது கைச்சுத்தத்தைக் காப்பதற்கு இது உதவுகிறது.

கையெழுத்தின் இடர்களையும் நாம் மறந்துவிடலாகாது. இன்சுலின் அளவை எழுதும்போது 'யூனிட்' என்பதற்கு ஆங்கிலத்தின் 'யூ' என்ற ஒற்றை எழுத்தை மட்டும் போடும் வழக்கம் இருந்தது. அவசரத்தில் எழுதிய அந்த எழுத்து சுழியம்போலத் தோன்றும். 10 யூனிட் 100 ஆகப் படிக்கப்படும். அதனால்தான் 'யூனிட்' என்று முழுமையாக எழுத வேண்டும் என மருத்துவ மாணவர்களுக்கு இன்று கற்பிக்கிறோம்.

குரலைக் கேட்டு எழுதும் முயற்சி புதியதன்று. 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் உருவாக்கிய கருவி எண்களின் பெயர்களை மட்டுமே அடையாளம் கண்டது. 1962இல் ஐ.பி.எம். நிறுவனம் காட்டிய கருவிக்கு 16 சொற்கள் தெரிந்திருந்தன. இத்துறையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ராஜ் ரெட்டி. ஆந்திரத்தில் பிறந்து, 1958இல் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்று, அமெரிக்காவில் ஆய்வு செய்த அவருக்கு 1994ஆம் ஆண்டின் டூரிங் விருது வழங்கப்பட்டது. அவருடைய மாணவர்களான ஜேம்ஸ் பேக்கர், ஜேனட் பேக்கர் இணையர் தொடங்கிய நிறுவனம், இயல்பான வேகத்தில் தொடர்ந்து பேசுவதை எழுதும் மென்பொருளை 1997இல் வெளியிட்டது. அதற்கு முன்பு ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே நிறுத்திப் பேச வேண்டியிருந்தது. மருத்துவத்தில் இம்முறையை முதலில் ஏற்றுக்கொண்டவர்கள் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படிக்கும் கதிரியக்க மருத்துவர்கள். கண் படத்தின்மேல் இருக்க, வாய் அறிக்கையைச் சொல்ல, அவர்களுடைய பணிக்கு இது இயல்பாகப் பொருந்தியது.

கணினி எவ்வாறு கேட்கிறது?

பேச்சறி மென்பொருள் நம்மைப்போலப் பொருளைப் புரிந்துகொண்டு எழுதுவதில்லை. வரும் ஒலியை நொடியில் நூறில் ஒரு பங்கு என்ற அளவில் சிறு சிறு துண்டுகளாக ஆராய்கிறது. ஒவ்வொரு துண்டும் எந்த ஒலியாக இருக்கக்கூடும் என்று கணிக்கிறது. பின்னர், இந்த ஒலிவரிசைக்கு எந்தச் சொற்கள் பொருந்தும், இந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வழக்கமாக வரும் என்பதை, முன்பு கற்ற எண்ணற்ற எடுத்துக்காட்டுகளைக் கொண்டு தீர்மானிக்கிறது. சுருங்கச் சொன்னால், அது செய்வது தேர்ந்த ஊகம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. இம்மென்பொருள் எழுத்துப்பிழை செய்வது அரிது. அது தவறும்போதும் பிழையற்ற ஒரு முழுச் சொல்லையே எழுதுகிறது. ஆனால் அது வேறு சொல்லாக இருக்கிறது. தைராய்டு குறைவாகச் சுரப்பதைக் குறிக்கும் 'ஹைப்போ' என்பது, மிகுதியாகச் சுரப்பதைக் குறிக்கும் 'ஹைப்பர்' ஆகலாம். இரண்டிற்கும் சிகிச்சை நேர் எதிரானது. இரத்த அழுத்தத்திற்கான ஹைட்ரலசின், அரிப்புக்கான ஹைட்ராக்சிசின் ஆகலாம். 'நெஞ்சுவலி இல்லை' என்பதற்கு ஆங்கிலத்தில் முதலில் வரும் 'நோ' என்ற சிறு சொல் விழுங்கப்பட்டால், எஞ்சுவது 'நெஞ்சுவலி' மட்டுமே.

கிறுக்கலான கையெழுத்தைப் பார்த்தால் செவிலியரோ மருந்தாளுநரோ ஐயப்பட்டுத் திரும்பக் கேட்பார். ஐயம் அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. கணினி அச்சிட்ட பிழை அழகாக, தெளிவாக, நம்பத்தக்கதாக இருக்கிறது. எவருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. இதுவே இம்முறையின் பெரிய இடர் என்று கருதுகிறோம்.

2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை எண்களால் காட்டியது. மருத்துவர்கள் சொல்ல, மென்பொருள் எழுதிய 217 குறிப்புகளை ஆய்வாளர்கள் சோதித்தனர். திருத்தப்படாத நிலையில் பிழைவீதம் 7.4 சதவீதமாக இருந்தது. பயிற்சி பெற்ற எழுத்தர் சரிபார்த்த பின் 0.4 சதவீதமாகவும், மருத்துவர் படித்துக் கையொப்பமிட்ட பின் 0.3 சதவீதமாகவும் குறைந்தது. அதன் பிறகு மென்பொருள்கள் மேம்பட்டுள்ளன. ஆயினும் பிழையைக் குறைத்தது மனிதர் ஒருவர் உட்கார்ந்து படித்த செயலே என்ற உண்மை மாறவில்லை.

எங்களுக்கு நேர்ந்தது

எங்கள் பிரிவில் இம்முறையைத் தொடங்கிய முதல் மாதங்களில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சிறுநீர்த் தொற்றுக்காகச் சேர்க்கப்பட்ட முதிய பெண்மணி ஒருவர் குணமடைந்து வீடு திரும்ப இருந்தார். பல ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர். வீட்டில் அவருக்கு இன்சுலின் போடுபவர் அவருடைய மகள். டிஸ்சார்ஜ் சம்மரியில், காலை உணவுக்கு முன் போட வேண்டிய இன்சுலினின் அளவை ஆங்கிலத்தில் 'ஃபிஃப்டீன்' என்று சொன்னோம். கணினி 50 என்று எழுதியது. சொன்னவர் திரையைப் பார்க்கவில்லை. கையொப்பமிட்டவர் முழுவதும் படிக்கவில்லை. இருவரும் எங்களைச் சேர்ந்தவர்களே. அச்சிட்ட தாள் மகளின் கைக்குப் போயிற்று.

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, தாளுடன் எங்கள் அறைக்கு வந்தார். "அம்மாவுக்குப் பதினஞ்சுதானே டாக்டர் போடுறோம்? இதுல அம்பதுன்னு இருக்கே, கூட்டியிருக்கீங்களா?" என்று தயக்கத்துடன் கேட்டார். நாங்கள் கூட்டவில்லை. அந்த 50 யூனிட் அம்முதியவரின் உடலில் சென்றிருந்தால் இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்து, நினைவிழப்பும் வலிப்பும் ஏற்பட்டு, உயிருக்கே கேடு நேர்ந்திருக்கலாம்.

தாளைத் திருத்தி, அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "கேக்கலாமா வேணாமான்னு யோசிச்சேன். பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்காரேன்னு..." என்று அவர் சொன்ன சொற்கள்தாம் எங்களை நெடுநாள் உறுத்தின. அவர் யோசித்து, கேட்காமலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அந்நாளுக்குப் பிறகு இரண்டு முறைகளை மாற்றினோம். ஒன்று, எண்களைத் தனித்தனி இலக்கமாகவும் சொல்வது: 'பதினைந்து; ஒன்று, ஐந்து' என்று. விமானிகள் எண்களைச் சொல்லும் முறையும் இத்தகையதே. மற்றொன்று, மருந்தின் பெயரையும் அளவையும் பேச்சால் மட்டும் பதிவதில்லை. மருத்துவர் மருந்துப் பட்டியலிலிருந்து தம் கையால் தெரிவு செய்கிறார். செவிலியர் நோயாளியின் பழைய அளவுடன் ஒப்பிடுகிறார்.

தமிழும் கணினியும்

இந்நிகழ்ச்சியில் இன்னொரு பாடமும் இருந்தது. ஆங்கிலத்தில் 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் காதுக்கு நெருக்கமானவை. தமிழில் 'பதினைந்து', 'ஐம்பது' இரண்டையும் எவரும் குழப்பிக்கொள்ள முடியாது. மகளின் அருகிலேயே நின்று நாங்கள் அந்தக் குறிப்பைச் சொன்னோம். ஆங்கிலத்தில் விரைவாகச் சொன்னதால் அவரால் அதைப் பின்தொடர முடியவில்லை. தமிழில் ஒருமுறை சொல்லியிருந்தால் தாள் அச்சாகும் முன்பே பிழை வெளிப்பட்டிருக்கும்.

அப்படியானால் முழுவதும் தமிழிலேயே சொல்லிப் பதியலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கான முயற்சிகள் நடைபெறுகின்றன. மத்திய அரசின் 'பாஷிணி' திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் 'ஏ.ஐ.4பாரத்' என்னும் ஆய்வகம், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் பேச்சைத் திரட்டி மென்பொருள்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. ஆயினும் தமிழுக்கு உரிய சில கடினங்கள் உண்டு.

நாம் எழுதும் தமிழ் ஒன்று, பேசும் தமிழ் மற்றொன்று. 'வந்தது' என்று எழுதுவதை 'வந்துச்சு', 'வந்திருச்சு' என்று ஊருக்கு ஒருவிதமாகச் சொல்கிறோம். மருத்துவமனைப் பேச்சிலோ பாதி ஆங்கிலம் கலந்திருக்கிறது: 'சுகர் கூடிருச்சு', 'பி.பி. மாத்திரையை நிறுத்திட்டேன்'. 'அரை மாத்திரை', 'ஆறு மாத்திரை' என்பவற்றுக்கு இடையே உள்ள ஒலி வேறுபாடும் சிறியதே. மேலும் தமிழில் 'இல்லை' என்னும் மறுப்பு வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. 'மூச்சு வாங்குது', 'மூச்சு வாங்கல' என்னும் இரண்டும் கடைசி அசையில்தான் பிரிகின்றன. களைத்த நோயாளியின் குரல் தாழ்வதும் அந்தக் கடைசி அசையில்தான்.

சொற்பொருளும் இடத்துக்கு இடம் மாறுகிறது. 'மயக்கம்' என்று ஒருவர் சொன்னால் அது தலைசுற்றலாக இருக்கலாம், நினைவிழப்பாக இருக்கலாம், வெறும் களைப்பாகவும் இருக்கலாம். 'உடம்பில் உப்பு கூடியிருக்கிறது' என்பவர் பெரும்பாலும் சோற்றுப்பில் உள்ள சோடியத்தைச் சொல்வதில்லை. சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் யூரியாவையோ கிரியேட்டினினையோ சொல்கிறார். சொல்லைச் சரியாக எழுதிய கணினியும் பொருளைத் தவறவிடலாம். ஆகையால், நீங்கள் சொன்னது எங்களுக்கு எப்படிப் புரிந்தது என்பதை உங்களிடமே திருப்பிச் சொல்லி உறுதி செய்வதற்கு மாற்று ஏதும் இல்லை.

உரையாடலைக் கேட்டுத் தானே எழுதும் மென்பொருள்

மருத்துவர் தனியாகச் சொல்ல வேண்டிய தேவையின்றி, மருத்துவரும் நோயாளியும் பேசும் உரையாடலையே கேட்டுக் குறிப்பை வரைந்து தரும் மென்பொருள்களும் வந்துவிட்டன. இவை மருத்துவரின் சுமையைக் குறைக்கக்கூடியவை. ஆனால் கூடுதல் கவனம் தேவைப்படுபவை. 2024இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பரவலாகப் பயன்படும் ஒரு பேச்சறி மென்பொருளைச் சோதித்தனர். ஏறத்தாழ 100இல் 1 ஒலித்துண்டில், எவரும் பேசாத முழுச் சொற்றொடர்களை அது தானாகச் சேர்த்திருந்தது. பக்கவாதம் போன்ற காரணங்களால் பேச்சுத் திறன் பாதிக்கப்பட்டவர்களின் பதிவுகளில் இத்தவறு மிகுதியாக இருந்தது. அவர்கள் சொல்லைத் தேடி இடையிடையே நிறுத்துகிறார்கள். அந்த மௌனத்தை மென்பொருள் தன் ஊகத்தால் நிரப்பிவிடுகிறது.

எங்கள் நோயாளிகளில் பக்கவாதத்திற்குப் பின் பேசப் பயில்பவர்கள் பலர். அவர்களுடைய மௌனமும் எங்களுக்கு ஒரு செய்திதான். அதைக் கேட்கும் பொறுப்பைக் கணினியிடம் விடுவதில்லை என்று முடிவு செய்துள்ளோம். அவர்களுக்கான குறிப்பை மருத்துவரே தம் சொற்களில் பதிகிறார்.

உங்கள் அந்தரங்கம்

வாயால் சொல்லும் குறிப்பை நீங்கள் கேட்க முடிகிறது என்பது நன்மை. பக்கத்துப் படுக்கையில் இருப்பவரும் கேட்க முடிகிறது என்பது அதன் மறுபக்கம். ஆகவே, எல்லாவற்றையும் படுக்கையருகே சொல்வதில்லை. எச்.ஐ.வி. தொற்று, மனநலம், மகப்பேறு, குடும்பச் சிக்கல் போன்றவற்றை மூடிய அறையில் மட்டுமே பதிகிறோம், அல்லது தட்டச்சு செய்கிறோம். எச்.ஐ.வி. நிலையை ஒருவரின் ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் தடை செய்கிறது. டிஜிட்டல் வடிவிலான தனிநபர் தரவுகளைக் கையாள்வதில் ஒப்புதலுக்கு முதன்மை இடம் தரும் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. சட்டம் இல்லாவிடினும் நோயாளியின் மறைவைக் காப்பது மருத்துவரின் கடமையே.

உங்கள் குரலைப் பதிவு செய்ய வேண்டுமாயின் முன்கூட்டியே உங்களிடம் கேட்போம். 'வேண்டாம்' என்று நீங்கள் சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதனால் சிகிச்சையில் எந்த வேறுபாடும் இராது.

நீங்கள் செய்யக்கூடியவை

1. வரும்போது மாத்திரை அட்டைகளையும் இன்சுலின் மருந்தையும் பழைய சீட்டுகளையும் கொண்டுவாருங்கள். 'சிறிய வெள்ளை மாத்திரை' என்று சொல்வதைவிட அட்டையைக் காட்டுவது பாதுகாப்பானது.

2. மருத்துவர் குறிப்பைச் சொல்லும்போது கவனித்துக் கேளுங்கள். தவறாகத் தோன்றினால் இடைமறித்துச் சொல்லுங்கள். அதை நாங்கள் மரியாதைக் குறைவாகக் கருதமாட்டோம்.

3. குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தால், "ஒருமுறை தமிழில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நாங்களே சொல்ல வேண்டியவை ஐந்து: நோயாளியின் பெயரும் வயதும்; எந்த மருந்துக்கு ஒவ்வாமை; வலப்பக்கமா இடப்பக்கமா; மருந்தின் பெயர், அளவு, வேளை; மீண்டும் வர வேண்டிய நாள்.

4. டிஸ்சார்ஜ் சம்மரியைப் பெற்றவுடன், வார்டை விட்டுப் புறப்படும் முன், அந்த ஐந்தையும் தாளில் சரிபாருங்கள். 1-0-1 என்று இருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று பொருள். வீட்டில் வழக்கமாகத் தரும் அளவிலிருந்து வேறுபட்டிருந்தால், மாற்றியதற்கான காரணத்தைக் கேளுங்கள். காரணம் தெரியும்வரை புதிய அளவில் மருந்தைத் தராதீர்கள். உடனே எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்.

5. படிக்கத் தெரியாதவர்களும் தயங்க வேண்டாம். செவிலியரிடம் தாளைக் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்டதை உங்கள் சொற்களில் அவரிடம் திருப்பிச் சொல்லுங்கள்.

6. மருத்துவப் பதிவின் நகலைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, நோயாளியோ அவரால் அனுமதிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும்.

முடிவாக

பேனாவால் எழுதிய காலத்திலும், தட்டச்சு செய்த காலத்திலும், உங்களைப் பற்றி நாங்கள் என்ன எழுதுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியாது. எழுதுவது ஓசையற்ற செயல். இப்போது அது உங்கள் காதில் விழுகிறது. இக்கருவி எங்களுக்கு மிச்சப்படுத்தும் நேரத்தைவிட இது பெரிய பயன் என்று நாங்கள் எண்ணுகிறோம். தன் தாய்க்கு நாள்தோறும் ஊசி போடும் மகளுக்கு, அளவைப் பற்றி எங்கள் கணினியைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

கணினி எழுதியதற்கும் பொறுப்பு மருத்துவருடையதே. கையொப்பம் எங்களுடையது, பிழை நேர்ந்தால் 'கம்ப்யூட்டர் தவறு' என்று சொல்லி நாங்கள் விலகிக்கொள்ள முடியாது. உங்களிடம் நாங்கள் வேண்டுவது ஒன்றே. அந்த மகளைப்போலக் கேளுங்கள். அவரைப்போலத் தயங்காமல் கேளுங்கள்.